ஸ்பெஷல் எட், ஐ.இ.பி. கூட்டங்கள்: அமெரிக்கப் பள்ளிகளில் நம் பெற்றோர்களின் அனுபவங்கள்

டெக்சாஸ் அம்மா:

மகனுக்கு ஆட்டிசம். இப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியில் அவனுக்கு ஸ்பெஷல் எட் (சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கான கல்வி) உதவியும், ஐ.இ.பி.யும் (அந்தப் பிள்ளைக்கென்றே எழுதும் கல்வித் திட்டம்) கிடைத்த விவரத்தை எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். மற்றவர்களும் தங்களுக்கு நடந்ததைச் சேர்த்தால், புதிதாக இதற்குள் வரும் பெற்றோருக்கு உபயோகமாக இருக்கும்.

கிண்டர்கார்டனில் சேர்ந்தபோது அவன் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துத்தான் பேசுவான். வகுப்பில் சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். டீச்சர் அன்பானவர்தான். ஆனால் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "வீட்டில் வேறு மொழி பேசுகிறீர்கள், அதனால்தான் தாமதம். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்." அப்புறம், வகுப்பிலேயே கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறோம், அது முடிந்த பிறகுதான் எவால்யுவேஷன் (சிறப்பு உதவி தேவையா என்று பார்க்கும் மதிப்பீடு) பற்றிப் பேச முடியும் என்றார்கள். அப்படியே மாதங்கள் ஓடின.

பூங்காவில் பழக்கமான இன்னொரு அம்மாதான் சொன்னார்: "நேரில் எத்தனை தடவை கேட்டாலும் அது கணக்கில் வராது, எழுதிக் கேளுங்கள்." அன்றிரவே பள்ளி முதல்வருக்கும் டிஸ்ட்ரிக்டின் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஸ்பெஷல் எட் இயக்குநருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். டெக்சாஸில் எழுத்தில் கேட்டுவிட்டால் 15 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். ஒன்று சம்மதப் படிவம் வர வேண்டும், இல்லையென்றால் ஏன் மறுக்கிறோம் என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். நாம் கையெழுத்துப் போட்டபின் 45 பள்ளி நாட்களில் எவால்யுவேஷன் அறிக்கை, அதற்குப் பிறகு 30 நாட்களுக்குள் கூட்டம். வகுப்புப் பயிற்சியைக் காரணம் காட்டி எவால்யுவேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்திய கல்வித் துறை 2011-லேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது. அதையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். படிவம் வந்தது.

இந்த மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். 2004 முதல் இங்கே ஸ்பெஷல் எட் மாணவர்கள் 8.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுபோல ஓர் அளவுகோல் இருந்தது. 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் அதை வெளியே கொண்டுவந்தது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2018-ல் மத்திய அரசே சொன்னது. அந்தக் காலத்தில் உதவி கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐ.இ.பி.யை முடிவுசெய்யும் அந்தக் கூட்டத்தை இங்கே ஆர்ட் மீட்டிங் என்பார்கள். மேசையைச் சுற்றி மதிப்பீடு செய்யும் டயக்னாஸ்டிசியன், பேச்சுப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), வகுப்பு டீச்சர், ஸ்பெஷல் எட் டீச்சர், துணை முதல்வர். இந்தப் பக்கம் நானும் கணவரும். வாத்தியார் சொன்னால் தலையாட்டியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் சட்டப்படி அந்தக் குழுவில் பெற்றோரும் உறுப்பினர்கள், மற்றவர்களுக்குச் சமமானவர்கள். ஐ.இ.பி. வரைவை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படித்திருந்தேன். அதில் ஓர் இலக்கு "தகவல் பரிமாற்றத் திறன் மேம்படும்" என்று இருந்தது. மேம்பட்டதா இல்லையா என்று யார், எப்படி அளப்பது? இதைக் கேட்டதும் ஸ்பீச் தெரபிஸ்ட் உடனே புரிந்துகொண்டார். "ஐந்து வாய்ப்புகளில் நான்கில், யாரும் தூண்டாமல், தனக்கு வேண்டியதை முழு வாக்கியமாகக் கேட்பான்" என்று அங்கேயே மாற்றி எழுதினார். ஓ.டி. நேரம் பற்றி உடன்பாடு வரவில்லை. அன்றைக்கே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. இங்கே 10 பள்ளி நாட்கள் வரை இடைவெளி கேட்டு மறுபடி கூடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டாவது கூட்டத்தில் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

நியூஜெர்சி அப்பா:

என் மகள் விஷயம் வேறு மாதிரி. மதிப்பெண் நன்றாகவே வரும். ஆனால் மற்ற பிள்ளைகள் அரை மணி நேரத்தில் முடிக்கும் வீட்டுப்பாடத்தை அவள் தூங்கும் நேரம்வரை அழுதுகொண்டே செய்வாள். படிப்பது இல்லை, மனப்பாடம்தான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எங்கள் பெரியவர்களோ, "இவ்வளவு சூட்டிகையான பெண்ணுக்கு எதற்கு ஸ்பெஷல் எட் வகுப்பு, நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்றார்கள்.

இங்கே சைல்ட் ஸ்டடி டீம் என்று ஒரு குழு உண்டு. எழுத்தில் கேட்டால் 20 நாட்களுக்குள் நம்மோடு உட்கார்ந்து பேச வேண்டும். பேசினார்கள், பரிசோதித்தார்கள். "சராசரியாகப் படிக்கிறாள், தகுதி இல்லை" என்று முடிவு சொல்லிவிட்டு 504 திட்டம் தருகிறோம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் 504-ல் தேர்வுக்குக் கூடுதல் நேரம், முன் இருக்கை போன்ற சலுகைகள் கிடைக்கும். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது ஐ.இ.பி.யின் வேலை. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பிள்ளை ஃபெயிலாகியிருக்க வேண்டும், அல்லது ஒரே வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஸ்பெஷல் எட் பற்றிய மத்தியச் சட்டமான ஐ.டி.இ.ஏ.வின் விதிகளில் எங்கேயும் இல்லை. தேர்ச்சி பெற்று மேலே போகிற பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று நேராகவே எழுதியிருக்கிறது. டிஸ்ட்ரிக்டின் மதிப்பீட்டை ஏற்க முடியவில்லை என்றால், அவர்கள் செலவிலேயே வெளி நிபுணரிடம் மதிப்பீடு கேட்கலாம். மறுப்பதானால், தங்கள் மதிப்பீடு சரியென்று விசாரணையில் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். நாங்கள் எழுதிக் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில் வரும் குறைபாடு) என்று அறிக்கை வந்தது. "நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை" என்று ஒருவர் ஆரம்பித்தார். ஐ.இ.பி.யில் அந்தச் சொல்லை எழுதத் தடையில்லை என்று 2015 அக்டோபரில் மத்திய கல்வித் துறை அனுப்பிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். இப்போது அதற்கென்றே உள்ள ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் என்ற வாசிப்புப் பயிற்சி முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியையிடம் படிக்கிறாள். தானாகவே புத்தகம் எடுக்கிறாள். அந்த ஆசிரியைக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பள்ளியில் வேலை செய்யும் ஸ்பீச் தெரபிஸ்ட்:

டெக்சாஸ் சகோதரி எழுதிய "வீட்டில் வேறு மொழி" என்ற பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதம் வராது, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் அப்படித்தான். தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அம்மா பிள்ளையோடு பேசுவதே குறைந்துபோகிறது. தாத்தா பாட்டியோடு பேச்சே அற்றுப்போகிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

மதிப்பீட்டின்போது என்னைப் போன்றவர்களுக்குத் தமிழில் அவன் என்ன செய்கிறான் என்ற விவரம் மிக முக்கியம். வீட்டில் கதை சொல்கிறானா, கேள்வி கேட்கிறானா? ஒரு பிள்ளைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரிச் சிரமம் இருந்தால் அது மொழி கற்கும் கட்டத்தின் பிரச்சினை இல்லை. தமிழில் சரளம், ஆங்கிலத்தில் மட்டும் தடுமாற்றம் என்றால் அது வேறு. ஆங்கிலம் போதாது என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையைக் குறைபாடு உள்ளவன் என்று முடிவுகட்டவும் சட்டம் இடம் தரவில்லை. வீட்டில் பேசுவதைச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துக் கொண்டுவாருங்கள். எந்த அச்சுப் பரீட்சையும் காட்டாததை அவை காட்டும்.

கலிபோர்னியா அம்மா:

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். வேகமான ஆங்கிலம் இன்றும் கஷ்டம். கணவர் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தபோது ஐ.இ.பி. கூட்டம் வந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு, நமக்குச் செலவு கிடையாது. போனில் ஒருவர் வந்தார். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பேசும்படி நானே கேட்டுக்கொண்டேன். இங்கே 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டால் கூட்டத்தை ஆடியோவில் பதிவு செய்யலாம். ஐ.இ.பி.யை நம் மொழியில் கேட்கவும் உரிமை உண்டு. பதிவை இரவு கணவரோடு போட்டுக் கேட்ட பிறகுதான் சம்மதம் கொடுத்தேன். ஸ்பீச்சுக்குச் சம்மதித்துவிட்டு, தனி வகுப்புக்கு மாற்றுவதற்கு மட்டும் சம்மதம் இல்லை என்று எழுதினேன். அப்படிப் பகுதி பகுதியாகச் சம்மதிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

புதிதாக வந்தவர்:

எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். ஐ.இ.பி. வாங்கினால் பின்னால் ஏதும் சிக்கல் வருமா? இந்தப் பயத்திலேயே தள்ளிப்போடுகிறோம்.

நியூஜெர்சி அப்பா:

நண்பரே, ஐ.இ.பி. அரசு தரும் பண உதவி இல்லை. அது பொதுப் பள்ளிக் கல்வியின் ஒரு பகுதி. 3 வயது முதல் 21 வரை தகுதியுள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டியது. குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலிருந்து ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982-ல், ப்ளைலர் வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் விசா பற்றிய சந்தேகத்தை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளைக்கான மின்னஞ்சலை அதற்காக நிறுத்திவைக்காதீர்கள். 3 வயது ஆகவில்லை என்றால் பள்ளியைக் கேட்க வேண்டாம், மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷனை (சின்னக் குழந்தைகளுக்கான உதவித் திட்டம்) கூப்பிடுங்கள்.

இரண்டு மாநிலம் மாறியவர்:

வேலை மாறி மாநிலம் மாறுகிறவர்கள் ஐ.இ.பி., கடைசி எவால்யுவேஷன், முன்னேற்ற அறிக்கை மூன்றையும் கையிலேயே கொண்டுபோங்கள். புதிய டிஸ்ட்ரிக்ட் தன் மதிப்பீட்டை முடிக்கும்வரை பழையதற்கு இணையான உதவியைத் தந்தாக வேண்டும். எங்களிடம், "பழைய பள்ளியிலிருந்து ஃபைல் வரட்டும்" என்றார்கள். கையில் இருந்ததைக் கொடுத்தோம், அந்த வாரமே ஸ்பீச் ஆரம்பித்தது.

பதினேழு வயது மகனின் அம்மா:

சின்னப் பிள்ளைகளின் பெற்றோர் எழுதியதைப் படித்தேன். பெரிய பிள்ளைகள் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் பிறகு என்ன என்ற திட்டம் மத்தியச் சட்டப்படி 16 வயதுக்குள் ஐ.இ.பி.யில் வந்துவிட வேண்டும். டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் 14-லேயே தொடங்குகிறார்கள். என் மகனுடையதில் முதலில் "வேலைவாய்ப்புகளை ஆராய்வான்" என்றுதான் இருந்தது. நாங்கள் கேட்ட பிறகு, வாரத்தில் சில மணி நேரம் நூலகத்தில் வேலைப் பயிற்சி, பேருந்தில் தனியாகப் போகக் கற்பது என்று மாறியது. முன்னேற்றம் பெயரளவுக்கு இருந்தால் போதாது, பிள்ளையின் நிலைக்கு ஏற்ற உண்மையான முன்னேற்றத்தைக் குறிவைக்க வேண்டும் என்பது எண்ட்ரூ எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-ல் தந்த தீர்ப்பு. கூட்டத்தில் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

18 ஆனதும் முடிவெடுக்கும் உரிமை பிள்ளைக்குப் போய்விடும். உடனே கார்டியன்ஷிப்புக்கு (பிள்ளைக்குப் பதிலாக முடிவெடுக்க நீதிமன்றம் தரும் காப்பாளர் உரிமை) ஓட வேண்டியதில்லை. பிள்ளையின் உரிமையைப் பறிக்காமல் கூட நின்று முடிவெடுக்க உதவும் ஒப்பந்தம் டெக்சாஸில் 2015 முதல் சட்டப்படி செல்லும். எங்கள் குடும்பம் அந்த வழியைத்தான் எடுக்கப்போகிறது. அப்புறம், டெக்சாஸில் மெடிகெய்ட் வெய்வர் (குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலேயே இருந்து பெறும் அரசு உதவி) பட்டியல்கள் பல வருடம் காத்திருக்க வைக்கும் நீளம் கொண்டவை. பெயர் சேர்க்கப் பிள்ளை வளரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தகுதி பார்ப்பது முறை வரும்போதுதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா, நீங்கள் இந்த வாரமே கூப்பிட்டு அவன் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.