எஸ்சிட்டலோப்ராம், சிட்டலோப்ராம் ரெண்டும் ஒன்றா? அவசரம்

சேலத்துக்காரன்
வணக்கம். புது டாக்டர் மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் 10 எழுதியிருக்கிறார். முன்பு சிட்டலோப்ராம் 20. அந்த 'எஸ்' என்ன? அளவைப் பாதியாக்கிவிட்டாரா, எழுத்துப் பிழையா? பழைய அட்டை மீதி இருக்கிறது, அதையும் சேர்த்துப் போடலாமா? ராத்திரிக்குள் சொல்லுங்கள்.

நெல்லை கோமதி
மாத்திரை யாருக்கு? வயசு என்ன? வேறு என்னென்ன மாத்திரை ஓடுகிறது? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

தேனி மணி
எஸ் என்றால் ஸ்ட்ராங். எங்கள் அத்தையின் பிரஷர் மாத்திரையிலும் எஸ் உண்டு. பழையது 5, இது 2.5 போதும் என்று கடைக்காரரே சொன்னார்.

ஓய்வு மருந்தாளுநர்
மணி, கணக்கு சரி, காரணம் தப்பு. சிட்டலோப்ராம் மூலக்கூறுக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. பழைய மாத்திரையில் இரண்டும் சரிபாதி. மனச்சோர்வுக்கு வேலை செய்வது பெரும்பாலும் 'எஸ்' வடிவம்தான்; இடது என்பதற்கான லத்தீன் சொல்லின் முதல் எழுத்து அது. அந்த வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்தால் எஸ்சிட்டலோப்ராம். அதனால்தான் 20-க்குப் பதில் 10. உங்கள் அத்தையின் எஸ்-ஆம்லோடிபினும் இதே கதைதான். செட்ரிசின் 10, லெவோசெட்ரிசின் 5 பார்த்திருப்பீர்களே.
சேலம், இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. ஒரே மருந்தை இருமடங்கு போட்டதாகிவிடும்.

பழைய பஞ்சாங்கம்
இதெல்லாம் பிளஸ் டூ வேதியியலிலேயே இருக்கிறது தம்பி. பதிவு போடுவதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. இதே கேள்விக்கு நான் ஏற்கெனவே விளக்கமாக எழுதியிருக்கிறேன்.

நெல்லை கோமதி
அந்தச் சுட்டியைக் கொடுத்தால் நன்றாக இருக்கும் ஐயா.

கோவை குமார்
எல்லாம் கம்பெனி வேலை. லண்ட்பெக் என்ற டென்மார்க் கம்பெனியின் சிட்டலோப்ராமுக்கு அமெரிக்காவில் 1998-ல் அனுமதி, எஸ்சிட்டலோப்ராமுக்கு 2002-ல். காப்புரிமை முடியப்போகிற நேரம் பாதியை வெட்டிப் புது மருந்து என்று விற்றார்கள். டாக்டர்கள் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரை மட்டும் எழுதினால் இந்த விளையாட்டு நின்றுவிடும்.

ஓய்வு மருந்தாளுநர்
வியாபாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூலப்பெயரைக் கட்டாயமாக்கிய தேசிய மருத்துவ ஆணைய விதிகள் 2023 ஆகஸ்டில் வந்து, அதே மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன. தரத்துக்கு யார் பொறுப்பு என்று டாக்டர்கள் கேட்டதும் நியாயம்தானே.

கோவை குமார்
மருந்துக்கடையில் இருந்தவர் வேறு எப்படிப் பேசுவார்!

சேலத்துக்காரன்
அப்பாவுக்கு. வயசு 67. மீதி அட்டையின் பெயர் 'நெக்ஸ்' என்று ஆரம்பிக்கும். மற்றபடி ஒன்றும் இல்லை, கேஸ் மாத்திரை மட்டும்தான்.

நெல்லை கோமதி
கேஸ் மாத்திரை "ஒன்றும் இல்லை" கணக்கில் வராது. 'நெக்ஸ்' என்று ஆரம்பிக்கிற பெயரில் மனச்சோர்வு மாத்திரையும் உண்டு, வயிற்று மாத்திரையும் உண்டு. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

சேலத்துக்காரன்
எசோமெப்ரசோல் 40.

ஓய்வு மருந்தாளுநர்
அப்படியானால் அது சிட்டலோப்ராமே இல்லை, அமிலத்துக்கான மாத்திரை. அதிலும் அதே 'எஸ்'தான், ஒமெப்ரசோலின் பாதி. இது சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் இரண்டையும் கல்லீரல் சிதைப்பதைத் தாமதப்படுத்தும், ரத்தத்தில் மருந்தின் அளவு கூடும். 60 வயதுக்கு மேல் சிட்டலோப்ராம் 20-ஐத் தாண்டக் கூடாது என்று 2012-ல் அமெரிக்க மருந்துத் துறை சொன்னதும் இதயத் துடிப்பின் லயம் கெடும் என்பதால்தான். கேஸ் மாத்திரை ஓடுவது டாக்டருக்குத் தெரியுமா? இப்போதே போன் போடுங்கள். சிட்டலோப்ராம் அட்டை வேறு எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்களாக எதையும் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும்.

தேனி மணி
அப்போ எஸ் என்றால் ஸ்ட்ராங் என்று நான் சொன்னது பாதி சரிதானே?

பழைய பஞ்சாங்கம்
இல்லை.

சேலத்துக்காரன்
டாக்டரிடம் பேசிவிட்டேன். கேஸ் மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியவில்லை. அதை மாற்றி எழுதித் தருகிறாராம், நாளைக்கு ஈசிஜி. சிட்டலோப்ராம் அட்டை அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது, வாங்கி வைத்துவிட்டேன். நன்றி.

கோவை குமார்
நான் மூலப்பெயரைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.