பிளாசியில் நவாபைச் சாய்த்தது மழையா, மீர் ஜாபரா?

வெடிமருந்து:
வங்காள நவாப் சிராஜ் உத்-தௌலா பிளாசியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தோற்ற 1757 ஜூன் 23 என்றாலே எல்லாரும் அவருடைய தளபதி மீர் ஜாபரைத் துரோகி என்று திட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். மதியம் கொட்டிய மழையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கம்பெனிப் படைத்தலைவர் கிளைவின் ஆட்கள் தார்ப்பாய் போட்டு வெடிமருந்தை மூடினார்கள். நவாப் பக்கம் மூடவில்லை, அவர்களுடைய பீரங்கிகள் ஓய்ந்தன. கம்பெனி மருந்தும் நனைந்திருக்கும் என்று நம்பித்தான் நவாபின் விசுவாசத் தளபதி மீர் மதன் குதிரைப்படையோடு பாய்ந்தார். கம்பெனிப் படை நின்ற மாந்தோப்புப் பக்கமிருந்து குண்டு வந்தது, ஆள் காலி. சண்டை திரும்பியது அங்கேதான்.

கணக்குப்பிள்ளை:
மீர் மதன் செத்தபிறகும் ஆள்பலம் யாரிடம் இருந்தது? கிளைவிடம் சுமார் 3,000 பேர், நவாபிடம் சுமார் 50,000. அதில் பெரும்பகுதி சதியில் இருந்த தளபதிகள் மீர் ஜாபர், ராய் துர்லப், யார் லுத்புகான் மூவரின் கையில். பிறைவடிவில் வளைத்து நின்றதோடு சரி, சண்டை போடவில்லை. சிராஜ் தலைப்பாகையைக் கழற்றி வைத்துக் கெஞ்சியபோது, "இன்றைக்குப் படையைத் திருப்புங்கள், நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் மீர் ஜாபர். முதுகு காட்டிய படையின் மேல் கம்பெனிக்காரன் ஏறினான்.

வெடிமருந்து:
மீர் ஜாபரோடு அவ்வளவு உறுதியாகப் பேசி முடித்திருந்தால், 21-ம் தேதி கட்வா ஊரில் கூடிய கம்பெனிப் படை அதிகாரிகளின் ஆலோசனையில் கிளைவே "இப்போது வேண்டாம்" என்று வாக்களித்தது ஏன்? உடனே அடிக்கலாம் என்றவர் அவருக்குக் கீழிருந்த அதிகாரி எயர் கூட்.

கணக்குப்பிள்ளை:
ஏனென்றால் கையில் இருந்தது வெறும் வாக்குறுதி. இன்னொன்று, "கிளைவ் லஞ்சம் கொடுத்து வாங்கினான்" என்பதே தலைகீழ். நவாப் பட்டம் கிடைத்தால் பணம் தருவதாக எழுதிக்கொடுத்தவர் மீர் ஜாபர்: கம்பெனிக்கு 1 கோடி ரூபாய், கல்கத்தா ஆங்கிலேயருக்கு 50 லட்சம், இந்துக்களுக்கு 20 லட்சம், ஆர்மீனியருக்கு 7 லட்சம். கஜானாவைத் திறந்தால் அவ்வளவு இல்லை. பாதி உடனே, மீதி 3 வருஷத் தவணை! கிளைவுக்குத் தனியாக 2,34,000 பவுண்டு.

ஓரமாநிக்கிறவன்:
இந்தப் பேரத்தில் இடைத்தரகராக இருந்த வணிகர் உமிசந்தை விட்டுவிட்டீர்களே. பங்கு தராவிட்டால் சதியைப் போட்டுக்கொடுப்பேன் என்று மிரட்டிய ஆள். அவருக்காகச் சிவப்புத் தாளில் ஒரு போலி ஒப்பந்தம், அதில் மட்டும் அவர் பங்கு. அசல் வெள்ளைத் தாளில் பேரே இல்லை. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி வாட்சன் போலியில் கையெழுத்துப் போட மறுத்தார், அவர் கையெழுத்தை வேறொருவர் போட்டார். துரோகிக்கே துரோகம்.

வெடிமருந்து:
சரி, பேரம் நடந்தது. மழை பெய்யாமல் மீர் மதன் சாயங்காலம்வரை நின்றிருந்தால் மீர் ஜாபர் எந்தப் பக்கம் போயிருப்பார்?

கணக்குப்பிள்ளை:
ஜெயிக்கிற பக்கம். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.