தம்பிக்கு சவுதியில் வெல்டர் வேலை, பத்து நாளில் கிளம்பணுமாம். அனுப்பலாமா?

தண்டையார்பேட்டை அக்கா:
என் தம்பிக்கு 27 வயது, ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டான். ஆறு வருஷமாக மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்டில் பைப் வெல்டிங். ஷட்டவுன் வந்தால், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தினால், ராத்திரி பகல் தெரியாமல் வேலை, முடிந்தால் இரண்டு மாதம் வீட்டில் சும்மா. இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, அங்கே புதுசாக கேஸ் பிளான்ட் கட்டுகிறார்கள், ஆளே பத்தவில்லை, இங்கே வாங்குவதைப் போல மூன்று மடங்கு சம்பளம் என்கிறார். ஒன்றரை லட்சம் கேட்கிறார். முதலில் விசிட் விசாவாம், போன பிறகு மாற்றிக்கொள்ளலாமாம். அம்மா சங்கிலியை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார், தம்பி பெட்டியே வாங்கிவிட்டான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

பழைய ரிக்கர், திருவொற்றியூர்:
விசிட் விசா என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தும்மா. பத்தாவது பாஸ் ஆகாதவர் சவுதிக்கு வேலைக்குப் போக நம் அரசின் எமிகிரேஷன் அனுமதி வேண்டும். அதோடு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் எடுக்க வேண்டும். விசிட் விசாவில் போனால் இரண்டுமே கிடையாது. லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு மேல் கேட்டாலே சட்டவிரோதம். லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கி இமைகிரேட் (eMigrate) என்ற அரசுத் தளத்தில் போட்டுப் பார்.

நான் 2014 தொடக்கத்தில் போனேன், அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல். கேம்ப்பில் ஒரு ரூமுக்கு எட்டு பேர், காலையில் நாலு மணிக்கு பஸ், ஓவர்டைம் வேண்டாம் என்றாலும் விட மாட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் விலை விழ ஆரம்பித்தது, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே. எங்கள் சப் கான்ட்ராக்டர் நாலு மாதம் சம்பளம் தரவில்லை. மெஸ்ஸில் முதலில் கோழி நின்றது, பிறகு குபூஸ் என்ற அரபு ரொட்டியும் பருப்பும் மட்டும்தான். நான் தினமும் வேலை நேரம் எழுதும் டைம் ஷீட்டை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டித்தான் இரண்டு மாதச் சம்பளமாவது வந்தது. படம் எடுக்காத பையன்கள் வெறுங்கையோடு எக்ஸிட் விசா அடித்து ஊர் திரும்பினார்கள். உன் தம்பி எங்கே போனாலும் இதைச் சொல்லி அனுப்பு.

மணலிக்காரன்:
அண்ணன் சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே பார்த்தது. மணலி ரிஃபைனரி 1969இல் ஓடத் தொடங்கியது. அதைக் கட்டும்போது தாத்தா அங்கே மண் சுமந்தார். எண்ணெய் ஓட ஆரம்பித்ததும் மேஸ்திரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு சைட் பார்த்துப் போய்விட்டார். ஆள் அள்ளுவது கட்டும்போதுதான், ஓட்டுவதற்குக் கொஞ்சம் பேர் போதும். அமெரிக்காவில் நார்த் டகோட்டா கதையும் அதேதான். 2012இல் அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் 200க்கும் மேல், வில்லிஸ்டன் ஊரில் தங்க இடம் கிடைக்காமல் வேலைக்கு வந்தவர்கள் காரிலேயே தூங்கினார்கள். 2016 மே மாதம் ரிக் 30க்கும் கீழே போயிற்று. ஆனால் எண்ணெய் அப்போதும் தினமும் சுமார் 10 லட்சம் பீப்பாய் வந்துகொண்டுதான் இருந்தது! ரிக்கில் வேலை பார்த்தவர்கள்தான் ஊர் திரும்பினார்கள்.

அதனால் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை மாத வேலை என்று கான்ட்ராக்டில் எழுதி வாங்குங்கள், அந்த மாதங்களுக்குள் கடன் அடையுமா என்று கணக்குப் போடுங்கள். தம்பி 6ஜி டெஸ்ட், அதாவது சாய்த்து வைத்த பைப்பைச் சுற்றி வெல்டிங் செய்து காட்டும் டெஸ்ட், முடித்திருக்கிறானா? இல்லையென்றால் அதை முதலில் முடிக்கட்டும், பத்தாவதையும் தனித்தேர்வாக எழுதட்டும். கையில் அந்த பேப்பர் இருந்தால் அடுத்த ஷட்டவுனில் இங்கேயே ரேட் கூடும்.

தண்டையார்பேட்டை அக்கா:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. இன்று காலை ஏஜென்டிடம் லைசென்ஸ் எண் கேட்டேன், அனுப்புகிறேன் என்று வைத்தவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. தம்பி கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கடற்கரைப் பக்கம் போய்விட்டான். சங்கிலி அம்மா கழுத்தில்தான் இருக்கிறது. 6ஜி டெஸ்டுக்கு இங்கே பக்கத்தில் எங்கே பழகலாம், எவ்வளவு ஆகும்?