பாடகர் எஸ்.பி.பி. சரி, டிவி எஸ்.பி.பி.க்கு எதற்கு இவ்வளவு கொண்டாட்டம்?

கேசட்காலம்:
2020 செப்டம்பர் 25-ல் அவர் போனதிலிருந்து வருஷா வருஷம் இதே கதை. ஈடிவி தெலுங்கு சேனலில் அவர் நடத்திய பாட்டுப் போட்டி 'பாடுதா தீயகா'விலிருந்து துணுக்கு ஒன்றைப் போட்டு, "பாட்டை விட இதுதான் பெரிய சாதனை" என்கிறார்கள். 'ஆயிரம் நிலவே வா' பாடின குரலுக்கு ஈடிவி மேடையா பெரிசு? புதுக் குரல்கள் வந்தன, பாட்டு குறைந்தது, டிவியில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதானே?

நெல்லூர்மாப்பிள்ளை:
வருஷத்தைப் பாருங்க சார். நிகழ்ச்சி ஆரம்பித்தது 1996. அதே வருஷத்துக்கான தேசிய விருது 'தங்கத் தாமரை மகளே' பாட்டுக்காக அவருக்குத்தான். ஆறாவது விருது! பாட்டு இல்லாமலா டிவிக்குப் போனார்?

என் மாமியார் வீட்டில் அந்த நிகழ்ச்சி ஓடும்போது சோறு கேட்டால் கிடைக்காது. தெலுங்கு அரைகுறையாகத்தான் புரியும், ஆனாலும் உட்கார்ந்து பார்ப்பேன். பிள்ளை பாடி முடித்ததும் எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார் என்று ஆரம்பிப்பார். அப்புறம்தான் தப்புக்கு வருவார். அதுவும் எப்படி? தானே அந்த வரியைப் பாடிக் காட்டுவார். உச்சரிப்பு பிசகினால் மட்டும் விடமாட்டார். நிகழ்ச்சியின் பெயரே 'மூக மனசுலு' படத்தில் கண்டசாலா பாடிய பாட்டின் முதல் வரி. தன் பாட்டு ஆயிரக்கணக்கில் கிடக்க, தன் மேடைக்கு முன்னோடி ஒருவரின் பாட்டு!

சைதை_சுருதி:
பெயர் வைத்ததெல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. கணக்கு வேறு. இவரே போட்டியில் வந்தவர். 1964-ல் சென்னையில் தெலுங்கு அமைப்பு ஒன்று நடத்திய போட்டியில் முதல் பரிசு. அங்கே கேட்ட இசையமைப்பாளர் எஸ்.பி.கோதண்டபாணி பையனை விடாமல் பிடித்து, 1966 டிசம்பரில் சினிமாவில் பாட வைத்தார். இவர் மேடையில் ஜெயித்த பிள்ளைகளுக்கு அந்த மாதிரி யார் இருந்தார்கள்? கைதட்டலும் கோப்பையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நெல்லூர்மாப்பிள்ளை:
தெலுங்கு சினிமாவில் பாடின உஷா, கோபிகா பூர்ணிமா, மல்லிகார்ஜுன் எங்கிருந்து வந்தார்களாம்?

சைதை_சுருதி:
இத்தனை வருஷத்துக்கு மூணு பேர் சொல்றீங்க. நான் சொல்ல வந்ததும் அதுதான்.

மேடைப்பாடகி:
கச்சேரி மேடையில் பாடுகிறவள் நான். என் மகளை ஒரு சேனல் போட்டிக்கு அனுப்பினேன், சேனல் பெயர் வேண்டாம். நீக்குகிற அன்று, அழுகை வரட்டும் என்று கேமராவை அவள் முகத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். சரணத்தில் எங்கே தவறினாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்றைக்கு வரை அவளுக்குத் தெரியாது.

எஸ்.பி.பி. மேடையில் தோற்ற பிள்ளைக்குக் கூட அது தெரிந்திருக்கும். கன்னடத்தில் 'எதெ தும்பி ஹாடுவெனு', தமிழில் ஜெயா டிவியில் 'என்னோடு பாட்டுப் பாடுங்கள்', எல்லாவற்றிலும் அதே ஆள்தான். சினிமா வாய்ப்பு வாங்கித் தருவது நடுவர் வேலையா அண்ணா?

கேசட்காலம்:
1996 விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா, நீங்கள் சொல்வது மற்ற சேனல்களின் லட்சணம். மட்டமானதோடு ஒப்பிட்டால் யாரும் உயரமாகத்தான் தெரிவார்.

சைதை_சுருதி:
அக்கா, நடுவர் வேலை இல்லைதான். ஆனால் இவர் வெறும் நடுவர் இல்லையே. 'சிகரம்' படத்துக்கு இசையமைத்தவர், சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தவர். அந்தக் கூடத்துக்குக் கோதண்டபாணி பெயரைத்தான் வைத்தார்.

நெல்லூர்மாப்பிள்ளை:
நன்றி மறக்காதவர் என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க :)

சைதை_சுருதி:
நன்றி வேறு, கோதண்டபாணி செய்தது வேறு சார். அதிருக்கட்டும், 'பாடுதா தீயகா'வை இப்போது மகன் சரண் நடத்துகிறாரே, மாமியார் வீட்டில் இன்னும் சோறு தாமதமா?

நெல்லூர்மாப்பிள்ளை:
பார்க்கிறார்கள். ஆனால் இப்போதெல்லாம் கேட்டால் எழுந்து வந்து போடுகிறார்கள்.