டிக்கெட் போட்டால்தான் மதுரையில் கர்நாடக சங்கீதம் பிழைக்குமா?

தல்லாகுளத்தான்:
போன வாரம் நம்ம ஊரில் ஒரு நிகழ்ச்சி நிறுவனம் டிக்கெட் போட்டுக் கச்சேரி நடத்தியது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கூடவே கீபோர்டும் டிரம்ஸும். பின்னால் எல்இடி திரை. ஒன்றரை மணி நேரம்தான். பின்வரிசை 400 ரூபாய், முன்வரிசை 2000. ஹால் நிறைந்துவிட்டது, அதிலும் பாதிப் பேர் இளவட்டம். மறுநாள் காலையிலேயே வாட்ஸ்அப் குழுக்களில் ஒப்பாரி தொடங்கிவிட்டது: சங்கீதத்தைக் கடைச்சரக்கு ஆக்கிவிட்டார்களாம்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இலவசமாகப் பாடினால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்பது வெறும் பேச்சு. நவராத்திரிக்கு மீனாட்சியம்மன் கோவிலில் நடக்கும் கச்சேரிக்குக் காசு கிடையாது. கொலு பார்க்க வரும் கூட்டம் மேடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். உட்கார்ந்து கேட்பது வருஷா வருஷம் அதே முகங்கள்தான். காசு கொடுத்து வந்தவன் போனைக்கூட எடுக்காமல் கேட்கிறான். இந்த மாதிரி நிகழ்ச்சி மாதம் ஒன்று நடக்கட்டும் என்கிறேன்.

சீவாளி:
அண்ணே, காசு கொடுத்தவன்தான் கேப்பான்னா பாட்டுக்காரரு மதுரை சோமு யாருக்குப் பாடுனாரு? திருவிழா மேடையில ஏறுனா விடிய விடியப் பாடுவாரு. கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல்னு மேடை நெறையப் பக்கவாத்தியம். எதுத்தாப்புல மண்ணுல துண்ட விரிச்சு உக்காந்திருந்தவய்ங்க யாரு? வண்டி ஓட்டுறவய்ங்க, மில்லுல ஷிப்ட் முடிச்சு வந்தவய்ங்க. எவனும் அவய்ங்ககிட்ட டிக்கெட் கேக்கல. எங்க வீட்டுப் பெரியவுக இன்னும் அதையேதான் பேசிக்கிட்டு இருக்காக. நீங்க சொல்ற 400 ரூவா பின்வரிசையில அந்த ஆளுக பேரன் வந்து உக்காருவானா? வீட்டுல நாலு பேருன்னா 1600. பெட்ரோலு, ராத்திரி டிபன் தனி.

தல்லாகுளத்தான்:
தம்பி, சோமுவுக்குக் கொடுத்த சன்மானம் வானத்திலிருந்து விழுந்ததா? திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்கிற மண்டகப்படிக்காரர் கொடுத்தார். ஊரில் வரி பிரித்துத் திருவிழாக் கமிட்டி கொடுத்தது. அதே கமிட்டி இன்று யாருக்குக் கொடுக்கிறது? இன்னிசைக் குழுவுக்கும் பட்டிமன்றத்துக்கும். (மதுரையில் உட்கார்ந்துகொண்டு பட்டிமன்றத்தைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, விட்டுவிடுகிறேன்.) கொடுத்துக்கொண்டிருந்த கை வேறு பக்கம் போய்விட்டது. கேட்க வருகிறவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பாட்டுக்காரரை வரவழைப்பதில் என்ன கேவலம்?

அதோடு, சோமுவைக் கச்சேரியே கேட்காதவர்களுக்கும் தெரியவைத்தது எது? 1972இல் 'தெய்வம்' படத்துக்காகக் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் பாடினாரே, அந்த மருதமலைப் பாட்டுதான். அதுவும் வியாபாரம்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி இதே மதுரையில் பிறந்தவர். அவர் பத்து வயதில் பாடியது கிராமபோன் தட்டாக வந்தது. தட்டுக் கம்பெனி அதைத் தர்மத்துக்கா விற்றது?

பசுமலை டீச்சர்:
கிராமபோனை இழுத்ததால் நானும் உள்ளே வருகிறேன். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் பிடிப்பதே அதிகம். அதற்காகப் பாட்டைச் சுருக்கினார்கள், உண்மைதான். ஆனால் தட்டைக் கேட்டு மயங்கியவன் கச்சேரிக்கு வந்தபோது அங்கே முழுக் கச்சேரி அவனுக்காகக் காத்திருந்தது. நீங்கள் சொல்லும் நிகழ்ச்சிக்கு நானும் போயிருந்தேன். அதில் மயங்கியவன் அடுத்து எங்கே போவான்? அடுத்த மாதம் அதேபோல இன்னொன்றுக்குத்தான்.

பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனை என்று ஒன்று வந்தது, இரண்டு நிமிடம்கூடத் தாண்டவில்லை. மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனத்தை டிரம்ஸ்காரரோடு நடத்தும் போட்டியாக மாற்றி, விளக்கைச் சிவப்பும் நீலமுமாக மினுக்கினார்கள். மிருதங்கம் வாசித்த பிள்ளை நல்ல கை. அவர் ஏழு ஏழாக எண்ணும் மிஸ்ர நடை ஒன்றை அழகாகத் தொடங்கினார், அது முடிவதற்குள் கீபோர்டு புகுந்துவிட்டது. டிக்கெட்டை நான் எதிர்க்கவில்லை சார். தோடி, சங்கராபரணம் மாதிரி ஒரு ராகம் அரை மணி நேரம் மெல்ல விரிவதைக் கேட்காமலே ஒருவன் 'கர்நாடக சங்கீதம் கேட்டேன்' என்று வீட்டுக்குப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

தல்லாகுளத்தான்:
டீச்சர், நீங்கள் 'முழுக் கச்சேரி' என்று சொல்வதே யாருக்காக வந்த ஏற்பாடு? நம்ம காரைக்குடிப் பக்கத்து அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் வருவதற்கு முன் ராகமும், ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் பல்லவியுமாகவே மணிக்கணக்கில் ஓடும். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், பிறகு விரிவாக ஒன்று, கடைசியில் துக்கடா எனும் சின்னப் பாட்டுகள் என்று வகுத்துக் கொடுத்தவர் அவர். ராஜாக்களும் ஜமீன்களும் போய், சபாவில் சந்தா கட்டியவனும் டிக்கெட் வாங்கியவனும் வந்து உட்கார்ந்த காலம் அது. அன்றைக்கும் அது குறைப்பிரசவம் என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அதையே சம்பிரதாயம் என்கிறோம். மூன்று மணி நேரம் இரண்டரையாகி, இரண்டாகி, இப்போது ஒன்றரைக்கு வந்து நிற்கிறது. கோடு எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.

பசுமலை டீச்சர்:
சொல்கிறேன். அரியக்குடி வெட்டியது தன் பாட்டைத் தானே. எந்த ராகத்துக்கு எவ்வளவு இடம், எதைச் சுருக்கினால் எது கெடும் என்று தெரிந்த கை வெட்டியது. பல்லவியை அவர் தூக்கி எறியவும் இல்லை. போன வாரம் வெட்டியது யார்? மேடைக்குப் பக்கத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றவர். பாடகி காம்போதி ராகத்தை இன்னும் கொஞ்சம் பாட நினைப்பது முகத்தில் தெரிந்தது. ஹெட்போன்காரர் கையைச் சுழற்றிக் காட்டினார், அவ்வளவுதான், அடுத்த பாட்டு. பாடுகிறவர் ஒரு மணி நேரம் போதும் என்று முடிவு செய்தால் நான் அரை வார்த்தை பேசமாட்டேன்.

மேலூர் சவுண்டு:
நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன், மைக் செட்டு போடுறவன். சினிமாக் கச்சேரி, அரசியல் கூட்டம், ராமநவமி எல்லாம் பாத்தாச்சு. சனம் ஏந்திரிச்சுப் போறதுக்குக் காரணம் தோடியும் இல்ல, டிக்கெட்டும் இல்ல. சத்தம்தான். மிருதங்கத்துக்கு ரெண்டு பக்கமும் மைக்கை ஒட்டி வைக்கச் சொல்லுவாக. பாடுறவுக 'எனக்கு மானிட்டர்ல கூட்டு'ம்பாக. உடனே வயலின்காரரும் கையைத் தூக்குவாரு. அவருக்குக் கூட்டுனா மிருதங்கத்துக்காரருக்குக் காதுல ஒண்ணும் விழாது. கடைசியில எல்லாத்தையும் ஏத்தி, மண்டபம் தகரக் கூரையா வேற இருந்தா, முத வரிசையில உக்காந்த ஆச்சி காதைப் பொத்திக்கிரும். கல்யாண மண்டபத்துல டைல்ஸ் தரைக்கும் கண்ணாடிக்கும் எதிரொலிக்கிற எதிரொலியில ஒரு வார்த்தை புரியாது.

அந்த டிக்கெட்டுக் கச்சேரிக்கு நான் போடல, வேற பார்ட்டி. ஆனா போய் நின்னு கேட்டேன். பாட்டு ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு. அதுக்குத்தான் காசு. கோயில் கமிட்டியில 'போன வருச ரேட்டுக்கே போடுப்பா'ன்னா நான் எதைப் போடுறது?

தெற்குமாசி:
ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சுன்னு சொல்றீங்க, புரிஞ்சுதா? அங்க பாடுன பத்துல ஏழு தெலுங்கு. 1940களில் தமிழிசைக்காக அண்ணாமலை அரசர் சங்கம் வைத்து அவ்வளவு பாடுபட்டார். இங்கேயே அவர் மகன் பேரில் ராஜா முத்தையா மன்றம் நிற்கிறது. எண்பது வருஷம் கழிச்சும் மேடையில் தமிழ் கடைசி அரை மணிக்குத்தான். எல்லோருக்கும் கொண்டுபோகணும்னா டிரம்ஸ் வேண்டாம், தேவாரம் முழுப் பாட்டா, ஆலாபனையோட பாடுங்க. எங்க சௌராஷ்டிர ஜனங்களுக்கு நாயகி சுவாமிகள் இந்த மதுரையிலேயே பிறந்து பாடி வெச்சிட்டுப் போயிருக்கார். எங்க தெரு பஜனையில வயசானவங்க மனப்பாடமாப் பாடுவாங்க. டிக்கெட்டு மேடையில் ஒருத்தர் அதைத் தொட்டதா நான் கேட்டதில்லை. இது நடுவில் சொல்லி வைக்கிறேன், நீங்க தொடருங்க.

கணக்குப்பிள்ளை:
டிக்கெட் விலையைப் பற்றி ஒரு தகவல். கச்சேரி, நாடகம் போன்றவற்றுக்கு நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு மேலே போனால்தான் வரி. கலைஞருக்குக் கொடுக்கும் சம்பளத்திலும், கிராமிய அல்லது சாஸ்திரிய இசை, நடனம், நாடகம் என்றால் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை விலக்கு. டிரம்ஸும் கீபோர்டும் சேர்த்த கலவைக் கச்சேரியைச் சாஸ்திரியம் என்று அதிகாரியிடம் நிரூபிப்பது அவரவர் சாமர்த்தியம். ஹால் முழுவதும் 500க்குள் வைத்தால் அரசாங்கமே பாதி வழி வந்து நிற்கிறது. 2000 ரூபாய் வரிசை யாருக்காக?

தல்லாகுளத்தான்:
அந்த 2000 ரூபாய் வரிசைதான் 400 ரூபாய் வரிசையைத் தாங்குகிறது. எல்லாவற்றையும் 500 ஆக்கினால் ஹால் வாடகை, சவுண்டு, சென்னையிலிருந்து வருகிற ஐந்து பேரின் ரயில், ஹோட்டல், சம்பளம் எதுவும் கட்டாது. ஒரே தரத்தில் சம்பளம் கொடுக்கிறார்களா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: இல்லை. பாடுகிறவருக்கும் கடம் வாசிக்கிறவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சீவாளி:
சென்னையில இருந்து வர்ற அஞ்சு பேரு. அதைத்தான்ணே நான் முதல்லருந்து சொல்ல வர்றேன். உங்க பட்டியல்ல நாதஸ்வரம் எங்க இருக்கு? தவுல் எங்க இருக்கு? வாசல்ல வரவேற்புக்கு ரெண்டு பேரை நிப்பாட்டி பத்து நிமிசம் ஊதச் சொன்னாய்ங்க. அது எங்க சித்தப்பா மகன். உள்ள ஜனம் போனதும் போதும்னுட்டாய்ங்க. ஹாலுக்குள்ள விடல. நாதஸ்வரக்கார அண்ணன் தம்பி சேதுராமன் பொன்னுசாமி பொறந்து வளந்த ஊருண்ணே இது. அவுக தாத்தா பொன்னுச்சாமிப் பிள்ளை சங்கீதத்தைப் பத்திப் புஸ்தகமே எழுதுனவரு.

தல்லாகுளத்தான்:
அந்த அண்ணன் தம்பி வாசிப்பு 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபிறகுதானே பட்டி தொட்டியெல்லாம் போனது? அதற்கும் கொட்டகையில் டிக்கெட் வாங்கித்தானே ஜனம் கேட்டது? நீ என் கட்சிக்கே சாட்சி சொல்கிறாய்.

சீவாளி:
சாட்சின்னே வெச்சுக்கங்க. அந்தப் படத்துல நாதஸ்வரம் வாசல்ல நிக்கல, நடுவுல நின்னுச்சு. நீங்களும் அந்த நிகழ்ச்சிக்காரவுகளும் பேச்சு வழக்கம் உள்ளவுகதானே. அடுத்த மாசம் ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவுல், ரெண்டு மணி நேரம் போடச் சொல்லுங்க. பாட்டுக்காரவுகளுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். நடுவுல கையைச் சுத்திக் காட்டக்கூடாது. டிக்கெட்டு 300ன்னு வைங்க. எங்க தெருவுல ஒரு வேன் ஆளுகளைக் கூட்டியாறது என் பொறுப்பு.

பசுமலை டீச்சர்:
எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு முப்பது இடம் 50 ரூபாய்க்கு ஒதுக்குங்கள். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியில் தொடங்கி ராகத்தை விரிவாக வாசிக்கட்டும். நானும் முழு விலைக்கு டிக்கெட் எடுக்கிறேன்.

தல்லாகுளத்தான்:
சரி, பேசிப் பார்க்கிறேன். ஏசி ஹாலுக்குள் நாதஸ்வரம் காதைக் கிழிக்கும் என்று முதல் கேள்வியே வரும். மேலூர்க்காரரே, அதற்கு சவுண்டு என்ன ஆகும்?

மேலூர் சவுண்டு:
நாதஸ்வரத்துக்கும் தவுலுக்கும் மைக்கே வேணாம்ணே. ஹாலையும் விட்ருங்க. மரம் உள்ள வெட்டவெளியா பாத்து சேரைப் போடுங்க. சுருதி பிடிக்கிற ஒத்துக்கு மட்டும் ஒரு மைக்கு, பேசுறதுக்கு ஒண்ணு. வண்டி வாடகை மட்டும் குடுங்க போதும்.