தாத்தா பள்ளிக்கூடத்தை விட்டது சரியா?

செம்பூர் ராஜி:
நான் பிறந்து வளர்ந்தது மும்பையில். தாத்தா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அறுபதுகளில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊழியத்துக்கு, அதாவது கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும் பணிக்குக் கிளம்பினார். அப்போது ஐந்து பிள்ளைகள். ஆச்சி ஓலைப்பெட்டி முடைந்துதான் வீட்டில் உலை வைத்தார். அவர் ஊழியம் செய்த தாராவியில் போன ஞாயிறு அவருக்கு நினைவுக் கூட்டம். எல்லாரும் அவருடைய தியாகத்தைப் பேசினார்கள், ஆச்சி பேரை யாரும் எடுக்கவில்லை. இதை எப்படித் தியாகம் என்று சொல்வது?

கிராஸ் ரோடு அண்ணாச்சி:
தங்கச்சி, வாத்தியார் வேலை வேறு, ஊழியம் வேறு என்பது இன்றைய கணக்கு. ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த காலந்தொட்டே நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார்கள் பலர்தான் வாத்தியாராகவும் இருந்தார்கள். வார நாளில் அ, ஆ சொல்லிக்கொடுத்த அதே ஓலைக்கொட்டகையில் ஞாயிறு ஆராதனை நடக்கும். உங்கள் தாத்தா அந்த வழியில் வந்தவர்.

செம்பூர் ராஜி:
நீங்கள் சொல்வது எனக்குத்தான் சாதகம் அண்ணாச்சி. உபதேசியார் இரண்டையும் சேர்த்துச் செய்தார். தாத்தா ஒன்றை விட்டுவிட்டுப் போனார். அது ஓராசிரியர் பள்ளி. அடுத்த வாத்தியார் வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் தங்கள் அப்பாமாரோடு பனங்காட்டுக்குப் போன பையன்களில் சிலர் பிறகு பள்ளிக்கே வரவில்லை என்று பெரியப்பா சொல்வார். காமராஜர் மதிய உணவு போட்டுப் பிள்ளைகளை வரவழைத்த காலம் அது. வந்த பிள்ளைகளுக்கு வாத்தியார் இல்லை!

சயான் வாசகன்:
ஊரை விட்டுப் போவதும் நம் மரபுதானே? 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அதில் முன்னால் நின்ற அசரியா வெள்ளாளன்விளைக்காரர், 1912-ல் அதே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பேராயர் ஆனார்.

செம்பூர் ராஜி:
அவர்களைச் சபை அனுப்பியது, ஊர் ஜனம் காணிக்கை போட்டுத் தாங்கியது. தாத்தாவை யார் அனுப்பினார்கள்? யார் தாங்கினார்கள்? ஆச்சி ஒருத்திதான்.

கிராஸ் ரோடு அண்ணாச்சி:
அழைப்பு வந்தவன் சபைக் கமிட்டியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான் தங்கச்சி. கைப்பிடி அரிசிக் காணிக்கையில் வாழ்ந்த ஊழியக்காரர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவரும் சுகத்துக்காகப் போகவில்லை.

செம்பூர் ராஜி:
சுகத்துக்குப் போனார் என்று நான் சொல்லவே இல்லை. பட்டினியை அவர் தனக்கு மட்டும் தேர்ந்துகொள்ளவில்லை, ஏழு பேருக்குத் தேர்ந்தார். மற்ற ஆறு பேரை அவர் கேட்கவில்லை.

90 அடி ரோடு மணி:
நான் கிறிஸ்தவன் இல்லை, கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் ராஜியின் தாத்தாவிடம் படித்தவன். தாராவியில் எங்கள் சந்தில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் நடத்துவார். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எழுத்துப் பாடம். கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளி பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் பகலில் நாங்கள் தோல் ஷாப்பில் வேலை செய்தோம். பெயர் எழுத வந்ததும் மணியார்டர் ஃபாரம் எழுதப் பழக்கினார். அவர் வீட்டுக்குப் போகும் ஃபாரத்தைத்தான் முதலில் எழுதச் சொல்வார். சில மாதம் இருபது ரூபாய், சில மாதம் பத்து. அனுப்ப எதுவும் இல்லாத மாதம் கூட்டத்தில் பாட்டு மட்டும் பாடுவார், பேச மாட்டார். அவர் வாத்தியார் வேலையை விட்டார் என்று என்னால் சொல்ல முடியாது.

கிராஸ் ரோடு அண்ணாச்சி:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

செம்பூர் ராஜி:
மணி அண்ணே, ஆச்சியின் டிரங்குப்பெட்டியில் மணியார்டர் துண்டுகள் ஒரு கட்டு இருக்கிறது, பனை நாரில் கட்டினது. எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, எல்லாம் கோணல். யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார், தன் கையால் எழுதக்கூட நேரமில்லையா என்று ஆச்சி கடைசிவரை குறைப்பட்டார்.

அண்ணாச்சி, நான் கேட்டதை மாற்றிக்கொள்ளவில்லை. இருபது ரூபாயில் ஐந்து பிள்ளைகள் வளர்ந்துவிடவில்லை, ஆச்சிதான் வளர்த்தார். அடுத்த கூட்டத்தில் அதை நானே எழுந்து சொல்வேன். மணி அண்ணே, நீங்களும் வாருங்கள். துண்டுகளைக் கொண்டுவருகிறேன், உங்கள் எழுத்து எது என்று பாருங்கள்.