வின்ச் இல்லாமல் காட்டுப்பாதையில் போகலாமா? அவசரம்

சேற்றில்_நின்றவன்
வணக்கம். அடுத்த வாரம் மறுபடி கிளம்புகிறோம். போன தடவை வண்டி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் வந்து இழுக்கும்வரை பாதி நாள் போச்சு. கூட வந்தவர் வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) போட்டால்தான் இனிமேல் வருவேன் என்கிறார். அவசியம் தேவையா? எத்தனை பவுண்டு இழுக்கிற மாதிரி வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள், ஆர்டர் போட வேண்டும்.

நாலுசக்கரம்
என்ன வண்டி? எடை எவ்வளவு? என்ன டயர்? தனியாகப் போகிறீர்களா, கூட இன்னொரு வண்டி வருமா?

டீசல்தாத்தா
மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, தம்பி. இதே கேள்விக்குப் பதில் எழுதியே என் விரல் தேய்ந்துவிட்டது. சரி, வந்துவிட்டீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வின்ச் வேண்டும். ஆள், சாமான், டீசல் எல்லாம் ஏற்றிய மொத்த எடையில் குறைந்தது ஒன்றரை மடங்கு. 2,500 கிலோ வண்டி என்றால் 3,750 கிலோ, அதாவது சுமார் 8,300 பவுண்டு. அதற்கு மேலே கிடைப்பதில் 9,500 வாங்கினால் நிம்மதி. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

மணல்கோழி
விவாதிக்க நிறைய இருக்கிறது ஐயா. முதலில் டயரில் காற்று எவ்வளவு வைத்து ஓட்டினார் என்று கேளுங்கள். மாட்டிக்கொண்டேன் என்று வருபவர்களில் பெரும்பாலானவர்கள் தார்ரோட்டுக்கு வைத்த காற்றோடே இறங்கியவர்கள்தான். காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் படியும், எடை பரவும், புதையாது. மணலில் நான் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குவேன். செலவே இல்லாத வைத்தியம்.

சேற்றில்_நின்றவன்
4x4 தான். வண்டியோடு வந்த டயர். காற்று எப்போதும் வைப்பதுதான், மாற்றவில்லை. ஒரே வண்டி. வின்ச் எந்த அளவு என்று மட்டும் சொல்லுங்கள் ப்ளீஸ்.

மணல்கோழி
பார்த்தீர்களா!

கடப்பாரை
எடையை இன்னும் சொல்லவில்லை, போகட்டும். மாட்டிய இடத்திலிருந்து எந்தப் பக்கமாக வெளியே வந்தீர்கள்? முன்னாலா, பின்னாலா?

சேற்றில்_நின்றவன்
பின்னால்தான் அண்ணா. முன்னால் இன்னும் ஆழம்.

கடப்பாரை
அப்படியென்றால் முன் பம்பரில் வின்ச் இருந்திருந்தால் உங்களை ஆழத்துக்குள்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கும். வின்ச் விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள். வண்டி மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் வந்த வழியே திரும்புவதுதான் புத்தி, மூக்கில் மாட்டிய வின்சோ முன்பக்கம் மட்டும்தான் இழுக்கும். ஒற்றை வண்டிக்காரருக்கு நெம்புகோல் வைத்த கை வின்ச் எவ்வளவோ மேல். கை வலிக்கும், ஆனால் எந்தப் பக்கமும் மாட்டலாம்.

அப்புறம், எதில் கட்டி இழுப்பீர்கள்? மரம் வேண்டும், மரத்தை அறுக்காத அகலமான பட்டை வேண்டும். வெட்டவெளி மணலில் மரம் ஏது? ஸ்டெப்னியைக் குழி தோண்டிப் புதைத்து அதில் கட்டலாம். ஆனால் அந்தக் குழியைத் தோண்டுகிற தெம்பில் பாதி இருந்தாலே சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலை வாரிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

டீசல்தாத்தா சொன்ன கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் பவுண்டு, டிரம்மில் (கயிறு சுற்றும் உருளை) முதல் சுற்றடுக்குக்கு மட்டும்தான். கயிறு நிறையச் சுற்றியிருந்தால் இழுவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

டீசல்தாத்தா
அதற்குத்தான் புல்லி. ஒன்றைப் போட்டுக் கயிறை வண்டிக்கே திருப்பிக் கட்டினால் இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பு, வேகம் பாதி. இதெல்லாம் பால பாடம். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தம்பி, இரும்புக் கம்பி போட்டதாகவே வாங்குங்கள். பாறையில் உரசினாலும் தாங்கும்.

சேற்றுராசா
இந்தக் காலத்தில் இரும்புக் கம்பியா? ஒரு இழை பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தால் கையுறையைத் தாண்டிக் குத்தும். செயற்கைக் கயிறு லேசு, தண்ணீரில் மிதக்கும், அறுந்தாலும் சாட்டை மாதிரி வராது.

டீசல்தாத்தா
வெயிலில் நைந்துபோகும். மண் உள்ளே புகுந்து அரிக்கும். சில வின்ச்சில் பிரேக் டிரம்முக்கு உள்ளேயே இருக்கும், அந்தச் சூட்டில் கயிறு உருகும். தெரியாமல் பேசக்கூடாது.

சேற்றுராசா
உறை போட்டு மூடிவைத்தால் ஏன் நைகிறது? நீங்கள் கம்பிக்கு எண்ணெய் போடுகிற நேரத்தில் நான் கயிறைக் கழுவிக் காயவே வைத்துவிடுவேன்.

நாலுசக்கரம்
இரண்டு பேரும் தனிப் பதிவு தொடங்குங்கள். அறுந்தால் ஒன்றும் ஆகாது என்று மட்டும் யாரும் எழுதவேண்டாம். கயிறு லேசுதான், அதன் முனையில் இருக்கும் கொக்கியும் ஷேக்கிளும் (முளை போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) லேசு இல்லை. எந்தக் கயிறானாலும் நடுவில் ஈரக் கோணியோ கனத்த போர்வையோ போட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்த வேண்டும்.

நின்றவரே, அந்த டிராக்டர்காரர் உங்கள் வண்டியில் எதில் சங்கிலி மாட்டினார்?

சேற்றில்_நின்றவன்
பின்னால் டிரெய்லர் மாட்டுகிற உருண்டை இருக்கிறதே, அதில்.

கடப்பாரை
ஐயோ.

நாலுசக்கரம்
இனி ஒருநாளும் கூடாது. அந்த உருண்டை சீராக உருளும் டிரெய்லரை இழுக்கச் செய்தது. சேற்றில் சிக்கிய வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது கழுத்து ஒடிந்தால் குண்டு போலப் பறக்கும். இப்படி ஆள் செத்திருக்கிறார்கள். உருண்டையைக் கழற்றிவிட்டு அது செருகியிருந்த சதுரக் குழாய்க்குள் ஷேக்கிள் கட்டையைச் செருகி, குறுக்கே முளை போட்டுப் பூட்டுங்கள். முன்பக்கம் சேஸிஸோடு போல்ட் போட்ட இழுவைக் கொக்கி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கென்று சின்னதாக ஒரு வளையம் வைத்திருப்பார்கள், அது வேறு. பணத்தை முதலில் இதில் போடுங்கள். அடுத்து மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு ரெக்கவரி பலகை, காற்று அடிக்கும் பம்ப். வின்ச் கடைசி.

டீசல்தாத்தா
கொக்கி விஷயம் சரி. மற்றபடி நான் சொன்னதில் மாற்றமில்லை.

கியர்பெட்டி
ஒன்றை யாரும் சொல்லவில்லை. முழுச் சுமையில் மின் வின்ச் 400 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். இன்ஜினை ஓடவிட்டு, விட்டு விட்டு இழுக்க வேண்டும். பழைய பேட்டரி என்றால் சேற்றில் நிற்பதோடு ஸ்டார்ட்டும் ஆகாமல் நிற்பீர்கள்.

சேற்றுராசா
கழுவிக் காயவைத்த என் கயிறின் படம் போடுகிறேன், தாத்தா பார்க்கட்டும்.

சேற்றில்_நின்றவன்
போய் வந்துவிட்டோம். வின்ச் வாங்கவில்லை. கொக்கி போட்டாச்சு. ஒரு ஓடைக்கரையில் நின்றுவிட்டது, காற்றை 18க்கு இறக்கிப் பின் சக்கரத்துக்குப் பலகை வைத்ததும் ஏறிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

மணல்கோழி
சந்தோஷம். தார்ரோட்டில் ஏறும்முன் திரும்பக் காற்று அடித்தீர்களா? குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடாகிக் கிழியும்.

மணல்கோழி
அடித்தீர்களா?